ஐந்து கருவிகளும் ஒரு பந்தும்

அத்தியாயம் 14

போன வாரம் கப்பலம்மாவை எங்கே விட்டோம் என்று மறந்துபோனவர்களுக்காக நாலு வரி. சரக்குக் கப்பல் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் காகிதங்களைப் புரட்டியே தலை நரைத்த அவளுக்குத் துறைமுகக் கிளையின் மேலாளர் பதவி வாசல்வரை வந்து நிற்கிறது. கிளை இருப்பது பத்து மணி நேரப் பயணத்தில். போனால் இரண்டு வருடம் தனியாக இருக்க வேண்டும். "தாராளமா போ" என்று அவள் வீட்டுக்காரர் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொல்லிவிட்டார். யோசித்துச் சொல்லியிருந்தால் இந்த அத்தியாயமே தேவைப்பட்டிருக்காது.

பதவிக்கு இரண்டு பேரைப் பொறுக்கி வைத்திருந்த புது டைரக்டர் அம்மாள், இருவரையும் கோல்ஃப் ஆடக் கூப்பிட்டார். இருவருக்கும் கோல்ஃப் என்றால் தொலைக்காட்சியில் தூங்கவைக்கும் ஆட்டம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அது தெரிந்துதான் கூப்பிட்டார். "தெரியாத ஒரு வேலைய ஒருத்தர் எப்படிச் செய்யறாங்கன்னு நான் பார்க்கணும்" என்று வாய்விட்டே சொன்னார். கப்பலம்மா அதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்தாள். வீட்டுக்காரர் காதில் அதில் கோல்ஃப் மட்டும்தான் விழுந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். கெட்டுப்போன எதையும் சரிசெய்யாமல் விடமாட்டார். கெடாததையும் சில சமயம் விடமாட்டார்.

அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது.

காலை ஆறரை மணி. கூடத்தில் சோபாவைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, நடுவில் பச்சைப் பாய் விரித்திருந்தார். பாயின்மேல் கப்பலம்மா நின்றாள். நிற்க வைக்கப்பட்டிருந்தாள் என்பதுதான் சரி.

இரண்டு முழங்கைகளையும் சேர்த்து இழுக்கும் ரப்பர் பட்டை ஒன்று. கழுத்துக் கயிற்றில் தொங்கி, முன்கைகளுக்கு நடுவில் பிதுங்கி நிற்கும் காற்றடைத்த பந்து ஒன்று. மணிக்கட்டு வளையாமல் இருக்க பிளாஸ்டிக் தகடு. கையில் நடுவில் கீல் வைத்த மட்டை. வீச்சு கொஞ்சம் கோணினாலும் அது பாதியில் மடங்கிக்கொள்ளும். இந்த நாலும் வாங்கியவை. ஐந்தாவது லிஃப்ட்காரரின் சொந்தத் தயாரிப்பு. லிஃப்ட் ஓடும் தண்டவாளம் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க அவர் தொங்கவிடும் தூக்குக்குண்டின் குட்டி உருவம். அது மனைவியின் தொப்பி முனையிலிருந்து நூலில் தொங்கியது. குண்டு ஆடினால் தலை ஆடுகிறது. தலை ஆடினால் ஆட்டம் போச்சு.

"பட்டை?" என்றார்.

"சரி."

"பந்து?"

"சரி."

"தகடு?"

"சரி."

"மட்டை?"

"சரிங்க."

"தலை?"

கண்ணை மட்டும் உயர்த்தி, மூக்குக்கு நேரே தொங்கிய குண்டைப் பார்த்தாள். "சரி."

"போ."

அவள் வீசினாள். மட்டை மடங்கவில்லை. லிஃப்ட்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் வீசினால் பத்துக்குப் பத்தும் மடங்கும். இப்போது பத்தில் எட்டு நேராக வருகிறது. இதைவிட ஒருத்தருக்கு என்ன நிரூபிக்க வேண்டும்?

இவர்களுடைய ஒரே பெண் வாட்டிய ரொட்டியைக் கடித்தபடி கதவோரம் சாய்ந்து நின்றாள். சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றே பெயர். படிக்கப் போவதற்கு முன்பிருந்தே.

"அப்பா, ஒரு சந்தேகம். அங்க போய் இதையெல்லாம் மாட்டிக்கலாமா?"

"அங்க எதுக்கு? இந்நேரம் உடம்புக்குப் பழகியிருக்கும்."

"எது பழகியிருக்கும்? மாட்டிக்கிட்டு வீசறதுதானே?"

"உனக்குப் புரியாது. லிஃப்ட் இருக்கு பாரு, கதவு பூட்டியிருக்கா, கயிறு இழுத்திருக்கா, பாரம் ஏறியிருக்கா, எல்லா சுவிட்சும் சரின்னு சொன்னாத்தான் அது நகரும். ஒண்ணு சொல்லலைன்னாலும் அப்படியே நிக்கும். அதனாலதான் யாரும் விழாம போய் வராங்க."

"அம்மா லிஃப்ட் இல்லப்பா."

"ரொட்டி ஆறுது பாரு" என்றார் அவர்.

கப்பலம்மா பட்டையைக் கழற்றினாள். முழங்கைக்கு மேல் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே குளிக்கப் போனாள்.

பெண் சொன்னதையே வேறொரு ஆளும் அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறார். முதல் வாரம் மனைவியை ஊருக்கு வெளியே இருக்கும் பயிற்சித் திடலுக்கு ஒரு நாள் அழைத்துப் போனார். அங்கே சொல்லிக்கொடுப்பவர் வெயிலில் வெளிறிய தொப்பி போட்ட ஒரு மனிதர். அவர் கப்பலம்மா கையில் மட்டையைக் கொடுத்து முப்பது பந்தை அவள் இஷ்டத்துக்கு அடிக்க விட்டார். இருபத்தைந்து நகரவில்லை. நாலு, காலடியிலேயே உருண்டன. ஒன்று மட்டும் டப்பென்று கிளம்பிப் பறந்தது. கப்பலம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

லிஃப்ட்காரர் தான் பார்த்து வைத்திருந்த கருவிகளின் படத்தைக் கைபேசியில் காட்டி, எது நல்லது என்று கேட்டார்.

"புதுசா ஆடறவங்களுக்கு இப்ப இதெல்லாம் எதுக்கு சார்? கருவி என்ன பண்ணும், தப்புன்னு சொல்லும். எது சரின்னு கைதான் கண்டுபிடிக்கணும். நாலு மாசம் ஆடி, எனக்கு இந்த இடத்துல கோணுதுன்னு தெரிஞ்சப்புறம் வாங்கினா உபயோகப்படும். இப்போதைக்கு ஒரு நேர் குச்சியைத் தரையில போட்டு, எந்தப் பக்கம் பார்த்து நிக்கறோம்னு மட்டும் கவனிச்சா போதும்."

"நாலு மாசம் இல்லையே. மூணு வாரம்தான் இருக்கு."

"அப்ப மூணு வாரமும் பந்தை அடிக்க விடுங்க. அவங்களுக்கு வருது."

லிஃப்ட்காரருக்கு அது பிடிக்கவில்லை. முப்பதில் ஒன்று பறந்ததை வருது என்று சொல்கிற ஆளை எப்படி நம்புவது? முப்பது தடவையில் ஒரு தடவை மேலே போகிற லிஃப்டை அவர் என்றைக்காவது விட்டிருக்கிறாரா? அன்று மாலையே முதல் கருவி வீட்டுக்கு வந்தது. திடலுக்கு அவர்கள் மறுபடி போகவில்லை. கூடத்தில் பந்து வைத்து அடித்தால் ஜன்னல் உடையும் என்பதால் பந்தும் இல்லை. மூன்று வாரமும் கப்பலம்மா காற்றைத்தான் வீசினாள்.

ஒன்பது மணிக்கு மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆளுக்கு ஒரு மட்டைப் பை, அதைத் தள்ள ஒரு வண்டி, வண்டியைத் தள்ள வீட்டு ஆள் ஒருவர். கப்பலம்மாவுக்கு லிஃப்ட்காரர். போட்டிக்கு நின்ற கிடங்கு மேலாளருக்கு அவருடைய மச்சான். டைரக்டர் அம்மாள் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர் போல இருந்தார். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். ஒரே ஒரு விதிதான் சொன்னார்.

"ஒருத்தர் பந்துகிட்ட நிக்கறப்ப மத்தவங்க யாரும் பேசக்கூடாது. பை தள்றவங்களும்தான்."

லிஃப்ட்காரருக்கு அந்த விதி பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது அவருக்குப் பிடிபடவில்லை.

முதலில் கிடங்கு மேலாளர். தொப்பையை இரண்டு பக்கமும் தடவி விட்டுக்கொண்டு நின்றார். ஓங்கி வீசினார். மட்டை சுற்றி வந்தது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. "காத்து நல்லா வருது மேடம்" என்றார். இரண்டாவது வீச்சில் புல் பெயர்ந்து மச்சான் சட்டையில் விழுந்தது. மூன்றாவதில் பந்து முயல் மாதிரி நாற்பதடி ஓடி நின்றது. அவர் அதைவிட வேகமாகப் பின்னால் ஓடினார். டைரக்டர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

லிஃப்ட்காரருக்கு நிம்மதி. இந்த ஆளை ஜெயிக்க ஐந்து கருவியில் ஒன்றரை போதும்.

கப்பலம்மா போய் நின்றாள்.

நின்றாள்.

மட்டை பந்துக்குப் பின்னால் தயாராக இருந்தது. தோள் சரி, கால் சரி, தலை சரி. ஆள் மட்டும் அசையவில்லை. கிடங்கு மேலாளர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். எங்கோ புல் வெட்டும் எந்திரம் ஓடி நின்றது. கப்பலம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. சத்தமில்லாமல் ஐந்து தடவை.

அப்போதுதான் லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. பட்டை சரி, பந்து சரி, தகடு, மட்டை, தலை, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டாள். அவள் காத்திருப்பது போ என்கிற வார்த்தைக்கு. மூன்று வாரத்தில் அது இல்லாமல் அவள் ஒரு தடவைகூட வீசியதில்லை. அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர் வாயை மூடிக்கொண்டு பத்தடி தள்ளி நிற்கிறார்.

அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

நாற்பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை. ஆயிரம் கப்பலின் சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டவள். அடிக்கட்டுமா என்று கேட்கிற கண்ணோடு கட்டியவரைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

என்ன செய்வார் மனுஷன்? தலையாட்டினால் தப்பு. ஆட்டாவிட்டால் அவள் நாள் முழுக்க அப்படியே நிற்பாள். கழுத்து தானாக லேசாக அசைந்தது. அவள் திரும்பி வீசினாள். பந்து நேராக, தாழ்வாக, எண்பதடி போய் விழுந்தது. மச்சான் கைதட்டினான். கிடங்கு மேலாளரும் தாராளமாகத் தட்டினார்.

டைரக்டர் அம்மாள் பந்தைப் பார்க்கவில்லை. லிஃப்ட்காரரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பந்துக்கும் அதே கதை. மூன்றாவதற்கு அவர் ஒரு தந்திரம் செய்தார். அவள் தயாரானதும் ஷூ கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்துகொண்டார். முகம் தெரியாவிட்டால் அடித்துவிடுவாள் என்று கணக்கு. அவள் அடிக்கவில்லை. அவர் கட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள். கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். அப்போதும் காத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது டைரக்டர் அம்மாள் கைக்கடிகாரத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். அங்கிருந்து மனைவியின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது. கூட்டத்தில் கை நழுவிப் போன குழந்தையின் முதுகு மாதிரி இருந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, அவசரமாக வீசினாள். பந்தில் படவில்லை. மறுபடி வீசினாள். படவில்லை. மூன்றாவது தடவை மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க மேடம்" என்றாள்.

லிஃப்ட்காரர் மரத்தின் பின்னாலேயே நின்றார். வெளியே வந்தாலும் கெடும், வராவிட்டாலும் கெடும். கட்டடத்தில் ஏழாவது மாடிக்கும் எட்டாவதுக்கும் நடுவில் ஆள் மாட்டிக்கொண்டால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியும். இங்கே ஒன்றும் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது டைரக்டர் அம்மாள் வந்தார்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க சார்?"

"லிஃப்ட் மெக்கானிக் மேடம்."

"உங்க வேலைய ரொம்ப ஒழுங்கா செய்யறவர்னு தெரியுது."

"நன்றி மேடம்" என்றார். சொன்ன பிறகுதான் அது பாராட்டா என்று சந்தேகம் வந்தது. அதற்குள் அந்த அம்மாள் கப்பலம்மாவைத் தனியாக அழைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

திரும்பும் வழியில் கப்பலம்மாதான் வேனை ஓட்டினாள். நானே ஓட்டறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டாள். பின்னால் அவருடைய பழுதுபார்க்கும் சாமான்கள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கடகடத்தன. இரண்டு சிக்னல் தாண்டியது.

"என்ன சொன்னாங்க?" என்றார்.

"உங்க ஆட்டம் பரவாயில்லன்னு சொன்னாங்க."

"பார்த்தியா."

"ஆட்டத்தை நான் பார்க்க வரலன்னும் சொன்னாங்க. அந்த ஊர்ல ஒரே நேரத்துல மூணு கப்பல் வந்து நிக்கும், எதை முதல்ல இறக்கறதுன்னு நாப்பது பேர் உங்க மூஞ்சியப் பார்ப்பாங்க, நீங்க அப்ப யாரைத் திரும்பிப் பார்ப்பீங்கன்னு கேட்டாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் என்னங்க பதில் சொல்றது? ஆபீஸ்ல நான் யாரையும் கேக்கறதில்ல. அவங்க பார்த்தது அதை இல்லையே. இன்னிக்குத்தானே பார்த்தாங்க."

"நான் திங்கக்கிழமை போய் அவங்ககிட்ட பேசறேன். இது என்னாலதான், நான்தான் அப்படிப் பழக்கினேன்னு சொல்லிடறேன். சொன்னா புரிஞ்சுக்குவாங்க."

கப்பலம்மா வேனை ஓரம் கட்டி நிறுத்தினாள். ஒரு மருந்துக் கடை வாசல். உள்ளே விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

"இதையும் நீங்க போய் சரி பண்ணணுமா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவரை இன்னும் கலக்கியது.

"நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்."

"தெரியும். அதனாலதான் மூணு வாரமும் சும்மா நின்னேன். கை வலிச்சுது. சொல்லல. அந்தத் தொப்பிக்காரர் சொன்னது எனக்கும் காதுல விழுந்துது. அன்னிக்கு அந்த ஒரு பந்து பறந்தப்ப எனக்கு எப்படி இருந்துது தெரியுமா? மறுநாள் போகலாமான்னு கேக்க இருந்தேன். நீங்க டப்பாவைப் பிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவர் பக்கத்துக் கதவின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லுங்க. நான் அங்க போறது உங்களுக்கு இஷ்டமா?"

தாராளமா என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மூன்று வாரமாக ஊர் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். தம்பியிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார், லிஃப்டில் ஏறியவர்களிடம்கூடச் சொன்னார். இப்போது வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது.

"நீ இல்லாம ரெண்டு வருஷம் அந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல" என்றார். "யோசிச்சாலே பயமா இருக்கு."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். ஐம்பத்துமூன்று வயதில் மருந்துக் கடை வாசலில் உட்கார்ந்து அழுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

அவள் அவர் தோளில் கை வைத்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருப்போம்" என்றாள். "வேண்டாம்னு நானேகூட முடிவு பண்ணியிருப்பேன். இப்ப அது முடியாது. இப்ப வேண்டாம்னு சொன்னா, தோத்துப் போய்ச் சொன்ன மாதிரி ஆயிடும்."

"முடிஞ்சுதா அப்ப?"

"இல்ல. புதன்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. என்னை மட்டும்."

அவர் நிமிர்ந்தார். மூளை அதுபாட்டுக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இன்னும் நாலு நாள். பந்து வைத்துப் பழக வேண்டும், நாளைக்கே அந்தத் திடலில் ஒரு இடம் சொல்லி வைத்தால்...

அவர் முகத்தில் அது ஓடுவதை அவள் பார்த்துவிட்டாள். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிற முகம்.

"என்னங்க, தப்பா எடுத்துக்காதீங்க. புதன்கிழமை வரைக்கும் உங்க தம்பி வீட்டுல இருக்கீங்களா?"

தப்பாக எடுத்துக்கொள்ளவும் அவருக்குத் தெம்பில்லை.

"நீங்க வீட்டுல இருந்தா நான் உங்களைத்தான் பார்ப்பேன். நீங்களும் சும்மா இருக்க மாட்டீங்க. எனக்கு இந்த நாலு நாள் வேணும்."

வீட்டுக்கு வந்ததும் அவர் இரண்டு சட்டை, இரண்டு பேண்ட், சவரச் சாமான் எடுத்து ஒரு பையில் வைத்தார். வக்கீல், அறை வாசலில் வந்து நின்று அப்பாவைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். வாதாட அவளிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். இன்றைக்குக் கேள்வி மட்டும்தான் இருந்தது.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"சித்தப்பா வீட்டுக்கும்மா. சும்மாதான்."

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா குழாயடியில் முழங்கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மனைவி ஈரக் கையோடு வந்தாள்.

"புதன்கிழமை நான் எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டார்.

"நானே கூப்பிடறேன்."

"அந்த வேலை கிடைச்சுட்டாலும் கூப்பிடுவியா? இல்ல, நேரா அப்படியே கிளம்பிடுவியா?"

இதற்கு ஒரு நல்ல பதில் சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். வேறொரு நாளாக இருந்தால் அவளும் சொல்லியிருப்பாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலங்க" என்றாள்.